பிடிபட ஆளில்லை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், அந்தப் பள்ளிக்கூடத்தில் சில வாரங்களாக ஒரு மாணவனோ மாணவியோகூடப் புகையிலையோடு பிடிபடவில்லை. சட்டைப் பையில் இல்லை. காலுறைக்குள் இல்லை. பென்சில் பெட்டியில் இல்லை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, இயற்கை எதற்காகப் படைத்ததோ தெரியாத அந்தச் சின்னச் சந்திலும் இல்லை.

இது மருத்துவர்களுக்கு நல்ல செய்தி. பெற்றோருக்கு நல்ல செய்தி. துப்பித் துப்பிச் சிவந்து போயிருந்த கழிப்பறைச் சுவருக்கு மிகவும் நல்ல செய்தி. உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இது இடி விழுந்த செய்தி. அவர் அந்தப் பள்ளியின் புகையிலை ஒழிப்புப் பொறுப்பாசிரியர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் வாங்கும் இடத்தில் மட்டும் அது புழக்கத்தில் இருந்தது. மற்ற இடங்களில் அவர் 'ஆகாட்டு'. காலையில் பள்ளி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நுழையும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து அவர் சொல்வது "ஆ காட்டு" என்ற இரண்டே வார்த்தை. குட்மார்னிங் சொன்னாலும் பதில் அதுதான். ஆண்டு விழா மேடையில் தலைமையாசிரியையே "நமது அன்புக்குரிய ஆகா..." என்று ஆரம்பித்துவிட்டு, "ஆகா, எப்பேர்ப்பட்ட மனிதர்" என்று சமாளித்திருக்கிறார்.

சமாளிப்பாகச் சொன்னாலும் அது பொய்யில்லை. ஆகாட்டு உண்மையிலேயே எப்பேர்ப்பட்ட மனிதர்தான்.

முன்பு அவர் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒருநாள் எடுத்துக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் ஒரு நெட்டையன் கொட்டாவி விட்டான். கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவன். வேறு ஆசிரியராக இருந்தால் வாயை மூடு என்றிருப்பார். ஆகாட்டு, "இன்னும் நல்லாத் திற" என்றார். உள் உதட்டில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. பாடத்தை அப்படியே விட்டுவிட்டு அவனைப் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அதோடு விட்டாரா என்றால் விடவில்லை. பையனுக்குப் புகையிலை நினைப்பு வரும் சாயங்கால வேளைகளில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். இரண்டு பேருமாகத் தெருத் தெருவாக நடந்தார்கள். அவன் எரிந்து விழுந்தபோது கேட்டுக்கொண்டார். அழுதபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மறுபடி ஒருமுறை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, "சரி, நாளையிலேருந்து மறுபடி ஆரம்பிப்போம்" என்றார். மாதக் கணக்கில் இப்படி நடந்து, கடைசியில் பையன் விட்டுவிட்டான். திட்டும் மறைந்தது.

அதற்குப் பிறகு காலைக் கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். மிரட்டவில்லை, பயம் காட்டவில்லை. சொந்தப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். வழக்கமாக ஒலிபெருக்கியை மதிக்காத காக்கைகள்கூட அன்று அடங்கியிருந்தன. தலைமையாசிரியை கெட்டிக்காரர். அந்த வாரமே அவரிடமிருந்து கணக்கை வாங்கி ஒரு புது மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு, இவருக்குப் புகையிலை ஒழிப்பைக் கொடுத்தார். நாட்டுக்காகக் கணக்கைத் தியாகம் செய்ததாக ஆகாட்டு வீட்டில் சொன்னார்.

தியாகத்துக்கு ஓர் அறையும் கிடைத்தது. உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறை. அதை அவரே கூட்டித் துடைத்து, சுழல் நாற்காலி போட்டு, வெளியே பலகை மாட்டினார். மேஜைமேல் பிளாஸ்டரில் செய்த பெரிய தாடை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சுவரோரக் கண்ணாடி அலமாரியில் அவர் பறிமுதல் செய்த புகையிலைப் பொட்டலங்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் பிரிக்கப்பட்டதில்லை, கடையில் வாங்கிய மெருகு குலைந்ததில்லை. "பிரிக்கிறதுக்கு முன்னாடியே பிடிச்சுடுவேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லி, நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றுவார்.

வாரத்துக்கு ஒருவராவது சிக்குவார்கள். சிக்கியவர்களுக்கு அடியில்லை, அபராதமில்லை. அந்த அறையில் உட்கார்ந்து, தாடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பீரியட் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். கேட்டார்கள். கண்ணைப் பார்த்துக் கேட்டார்கள். கேள்விகூடக் கேட்டார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்ற இத்தனை வருஷத்தில் அவருக்கு அது ஒருநாளும் வாய்த்ததில்லை. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை எழுந்து ஓர் இனிப்பான செய்தி சொன்னார். கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார். அதுவரை யாரும் பிடிபடாவிட்டால், புகையிலையே இல்லாத பள்ளி என்று அறிவித்து வாசலில் கல்வெட்டு பதிப்பார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ஆகாட்டு எழுந்து வணங்கினார்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றார் தலைமையாசிரியை. "புகையிலையே இல்லேன்னு ஆனதுக்கப்புறம் அதை ஒழிக்கத் தனியா ஒரு ஆள் எதுக்கு? சாரை நாமளும் கணக்குலேருந்து ரொம்ப நாள் பிரிச்சு வச்சுட்டோம். திங்கட்கிழமையிலேருந்து சார் பத்தாம் வகுப்புக் கணக்குக்கே வந்துடலாம். புது மிஸ் ஆறாவதைப் பார்த்துக்கட்டும். அந்த ரூமும் பெஞ்சு போட்டு வைக்க ஆகும்."

மறுபடி எல்லாரும் கைதட்டினார்கள். ஆகாட்டுவும் தட்டினார். தன் பதவிக்குத் தானே பால் ஊற்றிய மனிதர் சரித்திரத்தில் பலர் உண்டு. கைதட்டிக்கொண்டே ஊற்றியவர் இவர் ஒருவர்தான்.

அன்று அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றவில்லை. பிள்ளைகள் யாரும் புகையிலை போடக்கூடாது என்பது அவர் உயிர்க் கொள்கை. அதில் மாற்றமில்லை. ஆனால் கொள்கைக்குச் சேதமில்லாமல், யாராவது ஒரே ஒருத்தன், லேசாக, சும்மா பையில் மட்டும் வைத்துக்கொண்டு மாட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று மனசு ஓர் ஓரத்தில் கேட்டது. கேட்ட மனசை அதட்டினார். அது திரும்பத் திரும்பக் கேட்டது.

நம் பார்வையில்தான் கோளாறு, பயல்கள் எங்கேயோ ஒளித்து வைக்கிறார்கள் என்று முடிவு செய்து, மறுநாள் சோதனையைக் கடுமையாக்கினார். கையில் டார்ச் வந்தது. ஐஸ் குச்சி வந்தது. நாக்கைத் தூக்கு, உதட்டை மடி, கன்னத்தை உப்பு என்று உத்தரவுகள் வந்தன. வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனைவரை போனது. மணி அடித்தும் வகுப்பு தொடங்கவில்லை. கிடைத்தவை ஓர் இருமல் மிட்டாய், கடித்த அழிரப்பர் துண்டு, ஒரு சட்டைப் பொத்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கன்னத்தை உப்பியபோது ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. அதைத் தாளில் மடித்து, பத்திரமாக வீட்டில் கொடு என்று சொல்லி அனுப்பினார்.

உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. முதல் பீரியட் அவருடையது.

"சார், என் பீரியட் முழுக்க வாய்லயே போகுது."

"இது சமுதாயப் பணி சார்."

"அப்ப சமுதாயத்தை என் பீரியட் முடிஞ்சதும் வரச் சொல்லுங்க."

இந்தக் கடும் சோதனையால் யாருக்காவது பலன் உண்டு என்றால் தலைமையாசிரியைக்குத்தான். மாடியில் நின்று அந்த நீண்ட வரிசையைப் படம் எடுத்தார். இத்தனை வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை என்று அதிகாரிக்கு அன்றே போனில் சொல்லிவிட்டார். அதிகாரி அசந்து போய், கல்வெட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டச் சொன்னாராம்.

ஆகாட்டு பள்ளிக்கு எதிர்க் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினார்.

"அந்தச் சரக்கே இப்ப இல்ல சார். போன மாசம் நீங்கதானே ஆபீசருங்களைக் கூட்டிட்டு வந்து, வித்தா கடையை மூடிடுவோம்னு நின்னீங்க. நான் மட்டுமில்ல, இந்தச் சுத்து வட்டாரத்துலயே யாரும் வைக்கிறதில்ல."

அது ஆகாட்டுவுக்கு மறந்தே போயிருந்தது. தன் வெற்றிகளின் நீளம் அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பசங்க யாராவது கேட்டு வர்றாங்களா?"

"வராம என்ன. இல்லேன்னதும் முகமெல்லாம் தொங்கிப் போச்சு. ஒரு பொண்ணு கெஞ்சவே கெஞ்சிச்சு சார், ஒண்ணே ஒண்ணு போதும் அண்ணேன்னு. பார்த்தா நல்லாப் படிக்கிற பொண்ணு மாதிரி இருந்துச்சு."

ஆகாட்டு பதறிப்போனார். பெண் பிள்ளை, நன்றாகப் படிக்கிற பிள்ளை, கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டது. அதே சமயம், வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, நெஞ்சுக்குள் ஒரு சின்ன விளக்கும் எரிந்தது. ஆள் இருக்கிறார்கள். தூரத்தில் எங்கேயோ போய், ஏதோ புது மாதிரிச் சரக்கு வாங்குகிறார்கள். அது எப்படி இருக்கும், எப்படி மணக்கும் என்று தெரியாததால்தான் பிடிக்க முடியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடைக்குப் போனார். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று தொப்பி போட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அதனால் அவருக்குத்தான் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

"புகையிலை ஒண்ணு குடுங்க."

"எது? காரமா, லேசா, புதினா போட்டதா?"

ஊருக்கே இதைப் பற்றிப் பாடம் எடுத்தவருக்கு இதில் இத்தனை வகை இருப்பது தெரியாது. "ஸ்கூல் பசங்க எதை வாங்குவாங்களோ அது" என்றார்.

கடைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "பசங்களுக்கா வாங்குறீங்க? பெரிய மனுசன் மாதிரி இருக்கீங்க, வெக்கமா இல்ல?"

"ஐயோ, எனக்குத்தான். எனக்கேதான். நான்தான் போடுவேன்" என்று ஆகாட்டு உரக்கச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் நின்று, வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்த மனிதர் ஒருமாதிரி இருமினார். கண்ணாடி இல்லாததால் ஆகாட்டு அவரை ஒரு மங்கலாகத்தான் பார்த்தார். மங்கலின் கழுத்தில் விசில் தொங்கியது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். துவைக்க எடுத்த மனைவி, பையிலிருந்து பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அதுதான் ஆபத்து.

"என்ன இது?"

"ஆராய்ச்சிக்கு வாங்கினேன்."

"ஆ காட்டுங்க."

"இங்க பாரு, நான் யாரு, என் பதவி என்ன..."

"ஆ காட்டுங்க."

காட்டினார். நாக்கைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். உதட்டை மடிக்கச் சொன்னார், மடித்தார். இத்தனை பிள்ளைகள் தினமும் எப்படிப்பட்ட நிலையில் தன் முன்னால் நிற்கிறார்கள் என்பது அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்தது. நாளையிலிருந்து கொஞ்சம் மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று, திறந்த வாயோடு முடிவு செய்தார்.

"வாய் சுத்தமாத்தான் இருக்கு" என்றார் மனைவி. "அறிவுதான் எங்கேன்னு தெரியல. இதை முதல்ல வீட்டை விட்டு எடுத்துட்டுப் போங்க."

குப்பையில் போட்டால் யாராவது பிள்ளை எடுத்துவிடும் என்று பயந்து, பள்ளிக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று காலையில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் அறைக்குப் போவதற்குள் வரிசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் என்பதால் தலைமையாசிரியையே வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் கழுத்தில் விசிலோடு உடற்பயிற்சி ஆசிரியரும் நின்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது.

பத்தாம் வகுப்பு வந்தது. முதலில் வகுப்புத் தலைவி. எல்லாப் பாடத்திலும் முன்னணியில் இருக்கும் பெண். "கொஞ்சம் ஆ காட்டும்மா" என்று புது மரியாதையோடு ஆகாட்டு குனிந்தார். பொட்டலம் சட்டைப் பையிலிருந்து நழுவி, தலைமையாசிரியையின் செருப்புக்கும் வகுப்புத் தலைவியின் ஷூவுக்கும் சரி நடுவில் விழுந்தது.

"இது என்ன?" என்றார் தலைமையாசிரியை.

"இப்பத்தான் பிடிச்சேன் மேடம்" என்றது ஆகாட்டுவின் வாய். அது அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"யாருகிட்ட?"

எதிரே வகுப்புத் தலைவி இன்னும் வாயைத் திறந்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். ஒரு பெயர் சொன்னால் போதும். திங்கட்கிழமை அறை அவருடையது, நாற்காலி அவருடையது. எந்தப் பெயரைச் சொன்னாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் பிடித்தால் பிடித்ததுதான்.

"சொல்ல மாட்டேன் மேடம்."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. நாளை அதிகாரி வருகிறார், கல்வெட்டு லாரியில் ஏறிவிட்டது, இந்த நேரத்தில் இப்படி ஒரு காரியம் செய்தது யாராக இருந்தாலும் இன்றைக்கே டி.சி. கொடுத்து அனுப்பப் போவதாகச் சொன்னார். எல்லாரையும் மைதானத்தில் கூடச் சொன்னார். பொட்டலத்தைக் கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். உடற்பயிற்சி ஆசிரியர் ஆகாட்டுவின் காதோரம் வந்தார்.

"பேரை நான் சொல்லட்டுமா சார்? தொப்பி போட்ட ஆளு."

மைதானத்தில் பள்ளி முழுவதும் நின்றது. யாருடையது என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள். நாலாம் வகுப்பில் ஒரு குழந்தை பயத்தில் அழ ஆரம்பித்தது. ஆகாட்டு அந்தக் குழந்தையைப் பார்த்தார். தன் அறை இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மேடையேறி, தலைமையாசிரியையின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளைங்களை விட்டுடுங்க மேடம். அது என்னோடது. நேத்து சாயங்காலம் நான்தான் கடைக்குப் போய் வாங்கினேன். வாசல்ல நான் சொன்னது பொய்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கவில்லை. நம்மில் எத்தனை பேரால் இது முடியும் என்று யோசித்துப் பார்க்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் நிறையப் பழி போட ஆள் இருந்தும், ஒலிபெருக்கியில், குழந்தைகள் முன்னால், தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்வதற்குத் தனி முதுகெலும்பு வேண்டும்.

அப்போது பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து வகுப்புத் தலைவி ஓரடி முன்னால் வந்தாள்.

"இல்ல மேடம். அது என்னோடது."

அவளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஒல்லிப் பையன் வந்தான். "அவ பொய் சொல்றா மேடம். என்னோடது." இன்னொருத்தி வந்தாள். இரட்டையர் இருவர் ஒன்றாக வந்து, எங்களுடையது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பத்தாம் வகுப்பு மொத்தமும் ஓரடி முன்னால் நின்றது. ஒரே பொட்டலத்துக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று அதைத் தயாரித்த கம்பெனிக்கே தெரிந்திருக்காது.

உடற்பயிற்சி ஆசிரியர் மேடைக்கு ஓடி வந்தார். "மேடம், சார் சொல்றதுதான் நிஜம். நான் என் கண்ணால பார்த்தேன். தொப்பி போட்டுக்கிட்டு, எனக்குத்தான், நான்தான் போடுவேன்னு சொல்லி வாங்கினாரு."

தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களுமா சார்? ஒரு பிள்ளையைக் காப்பாத்தணும்னு அவர்தான் பழியை ஏத்துக்கிறார்னா, அவருக்குச் சாட்சி சொல்ல நீங்களுமா? உங்களை நான் என்னென்னமோ நினைச்சிருந்தேன். என்னை மன்னிச்சுடுங்க."

"மேடம், நான் நிஜமாவே..."

"போதும் சார். இதுக்கு மேல சொன்னீங்கன்னா நான் இங்கயே அழுதுடுவேன்."

ஆகாட்டு இன்னும் இரண்டு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவர் பெயர் உயர்ந்துகொண்டே போனதால் நிறுத்திக்கொண்டார். நல்ல பெயர் ஒரு தடவை வந்துவிட்டால், அதைக் கெடுத்துக்கொள்வது அவ்வளவு லேசில்லை.

பொதுத்தேர்வு எழுதப்போகும் ஒரு வகுப்பு முழுமைக்கும் டி.சி. கொடுக்க எந்தத் தலைமையாசிரியையாலும் முடியாது. அதிகாரிக்குப் போன் போனது. லாரி பாதி வழியில் திருப்பப்பட்டது. இந்த வருஷம் அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவாயிற்று. புகையிலை ஒழிப்புப் பொறுப்பு ஆகாட்டுவிடமே இருக்கும், புது மிஸ் பத்தாம் வகுப்பிலேயே தொடர்வார், அறையும் ஆகாட்டுவுக்கே, போதாததற்கு இவ்வளவு பெரிய மனசு படைத்த உடற்பயிற்சி ஆசிரியர் அவருக்கு உதவியாளராக இருப்பார் என்று தலைமையாசிரியை ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார். உதவியாளர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

தண்டனையாகப் பத்தாம் வகுப்பு முழுவதும் அன்று ஆகாட்டுவின் அறைக்கு அனுப்பப்பட்டது. கொள்ளாமல் தரையிலும் ஜன்னல் கட்டையிலுமாக உட்கார்ந்தார்கள். தாடை கைமாறிக் கைமாறிப் போனது. ஆகாட்டு அன்று பேசியது அவர் வாழ்நாளிலேயே பேசிய சிறந்த பேச்சு. பொய் சொன்னதற்கு முதலில் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். வாங்கப் போன இடத்தில் தனக்கு நேர்ந்த வெட்கத்தைச் சொன்னார். இந்தச் சனியன் வாய்க்குள் போகாமலே ஒரு மனிதனை இவ்வளவு ஆட்டுகிறது என்றால், உள்ளே போனால் என்ன ஆட்டும் என்றார். யாரும் கொட்டாவி விடவில்லை.

மணி அடித்து எல்லாரும் போனார்கள். தாடையைத் துடைத்து மேஜைமேல் வைப்பதற்காக வகுப்புத் தலைவி மட்டும் பின்தங்கினாள். ஆகாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைக்காரர் சொன்னதும் அவர் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. கடையில கெஞ்சிக் கேட்டது நீதானா?"

"ஆமா சார்."

"உனக்கா?"

"சேச்சே. நான் அதைத் தொட்டுக்கூட வாயில வச்சதில்ல சார். எங்க கிளாஸ்ல யாருமே போட மாட்டாங்க. எட்டாவது படிக்கிறப்ப நீங்க முதல் தடவையா கூட்டத்துல பேசினீங்களே, அப்பவே ஸ்கூல்ல போட்டுக்கிட்டிருந்த எல்லாரும் விட்டுட்டாங்க."

ஆகாட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷ உழைப்புக்கு இதைவிடப் பெரிய பரிசு எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது.

"அப்புறம் எதுக்கும்மா வாங்கி வாங்கி வச்சுக்கிட்டு, வாரா வாரம் ஒருத்தர் என்கிட்ட வந்து மாட்டினீங்க? இன்னைக்கு எனக்காக டி.சி. வாங்கக்கூடத் தயாரா ஏன் நின்னீங்க?"

அவள் தாடையை மேஜைமேல் நேராக வைத்தாள்.

"யாரும் மாட்டலேன்னா நீங்க மறுபடியும் எங்களுக்குக் கணக்கு எடுக்க வந்துடுவீங்க சார்."